இல்லை என்று நேரில் போய்ச் சொல்கிறவனுக்கு

என் ராசா,

இந்தக் கடிதத்தை உன் போன் சார்ஜருக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் நீ கட்டாயம் வந்து தொடுகிற இடம் அது ஒன்றுதான். நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே போனைத் தடவுவாய். எனக்கு எரிச்சல் வரும், கத்துவேன். கல்யாண வீட்டில் ஆத்தாளும் மகனும் கத்திக்கொள்வதைப் பந்தல்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதெல்லாம் வேண்டாம். பசுமலையில் இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுதக் கூடாதா? முகூர்த்தம் முடிந்ததும் இதை நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் குதிக்காதே. அந்தக் குரூப்பில் பாதிப் பேர் "உன் மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையி" என்று என்னிடம் வந்து நின்றவர்கள்தான். அவர்களும் படிக்கட்டும்.

கடைசியில் ஒரு சேதி வைத்திருக்கிறேன். தாவிப் போய் அதை மட்டும் பார்க்காதே. பொறுமையாகப் படித்துக்கொண்டு வா. பொறுமை உனக்கு உண்டு, எனக்குத்தான் கிடையாது.

நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம். மண்டபம், சமையல், பாத்திரம், மேளம் எல்லாம் ஆகிவிட்டது. ஆகாதது ஒன்றே ஒன்று, அது என்னவென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் வழக்கத்தில் தாய்மாமன் வந்து மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் மாப்பிள்ளை மணவறையில் உட்காருவான். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினோம். நீ அழுத அழுகையில் அவன் புதுச் சட்டை தொப்பலாக நனைந்தது, அதை அவன் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான். அந்த மாமன் உன் கல்யாணத்துக்கு வருவானா, மாட்டானா என்று இந்த இரண்டு வாரமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் இருக்கிற வில்லாபுரத்துக்கும் அவன் இருக்கிற அவனியாபுரத்துக்கும் ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஏறிய வேகத்தில் இறங்கிவிடலாம். அந்தத் தூரத்தைத் தாண்டித் தம்பி வருவானா என்று ஒரு அக்கா கவலைப்படும்படி ஆகிவிட்டதே என்று நினைத்து நினைத்து அழுதேன். உன் அப்பாவுக்குத் தெரியாமல்தான் அழுதேன். தெரிந்தால் அந்த மனுஷன் பிரஷர் மாத்திரையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே அலைவார்.

இந்த வினையை இழுத்துவிட்டதே நான்தான். உன் பெரியப்பா பேத்தியின் காதுகுத்து விருந்து. கிடாக்கறிக் குழம்பு ருசியில் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. உன் மாமா எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, தன் மகன் கார்த்தி டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான் என்று புலம்பினான். நான் அத்தனை இலைக்கும் கேட்கிற மாதிரி, "ஏன்டா கவலைப்படுற? உன் மருமகன் எச்.ஆர். மேனேஜரு. ஆளெடுக்குறதே அவன்தான். கார்த்தியத் தூக்கி உள்ள வச்சிருவான்" என்றேன். உன் மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் ஊரில் மகன் டாக்டர் என்றால் மாத்திரை கேட்பார்கள், வக்கீல் என்றால் வழக்கு கேட்பார்கள், எச்.ஆர். என்றால் வேலையையே கேட்பார்கள். கொடுக்கிறது நீ, வாக்குக் கொடுக்கிறது நான். அப்படி ஒருத்தனை உள்ளே வைக்க முடியுமா என்று அதுவரை நான் உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை என்பது இலையை மூடுகிறபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். கேட்க மனசு வந்ததில்லை, ஏனென்றால் நீ அந்த வேலைக்குப் போனதே எனக்குப் பிடிக்கவில்லை. நீ பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியாமலே விண்ணப்பம் போட்டவள் நான். நீயோ பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மாடி அறையில், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கன்சல்டன்சியில் போய் உட்கார்ந்தாய். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, "வேலை இருக்கு, வாரீங்களா" என்று கேட்க வேண்டும். "எம்புட்டுப் பணம் கட்டணும்? நீ ஏமாத்துற கோஷ்டிதான?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, தொண்டை கட்டி வீட்டுக்கு வருவாய். நான் சுக்குக் கசாயத்தை நீட்டிக்கொண்டே, "இது ஒரு பொழப்பாடா?" என்பேன். நீ கசாயத்தைக் குடித்துவிட்டு, மறுநாள் அதே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவாய். கோபப்படவும் மாட்டாய், பதில் பேசவும் மாட்டாய். அந்த மௌனத்தைப் பார்த்து, பிள்ளைக்குச் சூடு சொரணை இல்லையோ என்றுகூட நான் நினைத்திருக்கிறேன். பிறகு கப்பலூர்ப் பக்கம் ஒரு மில், அப்புறம் இப்போது இருக்கிற, சென்னைப் பக்கத்துக் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி. ஒவ்வொரு படியும் நீ ஏறியது எனக்குத் தெரியாமலேதான் நடந்தது. நான் கீழே நின்று பேங்க், பேங்க் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

உன் வேலை என்னவென்று எனக்கு முதலில் தெரிந்தது ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். நான் அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று யாரிடமோ போனில், "இந்தத் தடவை உங்கள எடுக்கல தம்பி. நீங்க நல்லாத்தான் பேசுனீங்க. மெஷின் டிராயிங்கப் படிக்கிறதுலதான் தடுமாறுனீங்க. அத மட்டும் பாத்துட்டு மறுபடி போடுங்க" என்று சொன்னாய். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நீ போனைக் காதிலேயே வைத்திருந்தாய். வைத்ததும் அடுத்தவனைக் கூப்பிட்டாய். "எடுத்தவனுக்குப் போன் போட்டாலும் அர்த்தம் இருக்கு, எடுக்காதவனுக்கு எதுக்குடா, அதுவும் நல்ல நாள் அதுவுமா?" என்று கேட்டேன். நீ ஒரு அதிரசத்தை எடுத்து ஊதிக்கொண்டே, "எடுத்தவனுக்கு மெயில் போயிரும்மா. எடுக்காதவன் வீட்ல எல்லாரும் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றாய்.

அப்போதுதான் எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. உன் முதல் இன்டர்வியூ. கோயம்புத்தூர் போய்விட்டு வந்து, "சொல்றோம்னு சொன்னாய்ங்கம்மா" என்றாய். ஆடி முழுக்க நீ காத்திருந்தாய். குளிக்கப் போகும்போதுகூடப் போனைப் பாலிதீன் கவரில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போவாய். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் விட்டுவிட்டுத்தான் கேட்கும். மணி அடிக்கிறதா என்று குழாயை நிறுத்தி நிறுத்திக் குளித்திருக்கிறாய். அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. நீ அதை வைத்து யாரையும் திட்டியதில்லை. ஆனால் உனக்கு அந்த ஆளெடுக்கிற நாற்காலி கிடைத்ததும், மற்றவன் எவனையும் அப்படிக் குளிக்க விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாய் போல. அன்றைக்கு அடுப்படியில் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய்ப் புகை என்று சொல்லிவிட்டேன்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? காதுகுத்தில் வாய் நீண்டது அதற்கும் அப்புறம்தானே! கார்த்தி உன் கம்பெனியில் பரீட்சை எழுதினான். சொந்தக்காரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீ அந்தத் தேர்விலிருந்தே விலகிக்கொண்டாய். அவனும் மெஷின் டிராயிங்கில் தடுமாறித் தேறவில்லை. உன் மாமா தன் லேத் பட்டறையில் சாம்பிளைக் கொடுத்தால் அப்படியே இரும்பைக் கடைந்து கொடுப்பான், டிராயிங் என்கிற பேச்சே அங்கே கிடையாது. பிள்ளையும் அப்படியே வளர்ந்துவிட்டான். அந்தச் சேதியைச் சொல்ல நீ லீவு போட்டுவிட்டு அவனியாபுரம் போனாய். நானும் கூட வந்தேன். பட்டறை வாசலில் நின்று, "மாமா, கார்த்திக்குக் கிடைக்கல" என்றாய்.

"கிடைக்கலையா, நீ குடுக்கலையா?" என்று கேட்டான் உன் மாமா.

"குடுக்குற எடத்துல நான் உக்காரல மாமா. உக்காந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

"மாப்ள, உங்காத்தா அம்புட்டுப் பேரு முன்னாடி வாக்குக் குடுத்தா. நான் ஊரெல்லாம் சொல்லிப்புட்டேன். எம் மூஞ்சில கரியப் பூசிட்டு, அதச் சொல்றதுக்கு வாசல் வரைக்கும் வேற வாரியா? போயிரு. இனிமே இந்தப் பக்கம் வராத."

திரும்பி வருகிறபோது ஆட்டோவில் நான் உன்னோடு பேசவில்லை. "ஒரு எடம், ஒரே ஒரு எடம், அதக் குடுக்கத் துப்பில்ல, நீயெல்லாம் என்னடா மேனேஜரு" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கேட்டேன்தான். உன் அப்பா, "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், விடு" என்றார். நான் அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

வராதே என்று சொன்ன வீட்டுக்கு நீ அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோதும் போனாய். அதற்கடுத்த முறையும் போனாய். உன் மாமா உன்னைக் கண்டதும் லேத் மெஷினைப் போட்டுவிடுவானாம். இரும்பே மாட்டாமல் வெறும் மெஷின் ஓடுமாம், உன் குரல் காதில் விழக் கூடாது என்று. உன் அத்தை சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நீ அந்த இரைச்சலிலேயே "மாமா, நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு, அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கார்த்தியோடு மாடிக்குப் போவாய். டிராயிங் படிக்க உனக்கே தெரியாது. கம்பெனியில் யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து அவனோடு உட்கார்ந்தாய். "வெக்கமா இல்லையாடா, வராதங்குற வீட்ல போயி நிக்கிற?" என்று நான் கேட்டதற்கு, "அவரு கோவத்துல சொன்னாரும்மா. கோவம் அவரு வேலை, போறது என் வேலை" என்றாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மறுமுறை நீ கிளம்பும்போது அத்தைக்கு என்று முருங்கைக்காயைக் கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

நீயும் ஒரு முறை உடைந்து வந்தாய். உன் கம்பெனியில் ஒரு பகுதியை மூடுகிறார்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நீதான் சொல்ல வேண்டும். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "விட்டுரப் போறேம்மா" என்றாய். "விட்டுரு, சாமி, பேங்க் பரீட்சைக்கு இன்னும் வயசு இருக்கு" என்று நான் உடனே சொன்னேன். திங்கட்கிழமை பார்த்தால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். "நான் விட்டா வேற எவனாவது மெயில்ல சொல்லி முடிச்சிருவாம்மா." விடாப்பிடி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன், நான் அந்த ரகம். உன்னுடையது அப்படி இல்லை. நேற்றுப் போனவன் இன்றைக்கும் போவது, அவ்வளவுதான்.

இப்போது இந்த இரண்டு வாரக் கதைக்கு வருகிறேன். கார்த்தி மறுபடி எழுதினான். இந்த முறை பரீட்சையில் தேறினான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டேன். கடைசியில் இருந்தது ஒரே இடம், அவனைவிட அனுபவம் உள்ள ஒருவனை எடுத்துவிட்டார்கள். சேதி உனக்கு வந்தபோது நீ பத்திரிகைக் கட்டோடு வாசலில் நின்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "கல்யாணம் முடியட்டும்டா. முடிஞ்ச மறுநாள் சொல்லு. தாய்மாமன் மாலை இல்லாமயா மணவறைல உக்காரப் போற? என் மூஞ்சிக்காக ஒரு பதினஞ்சு நாளு வாயக் கட்டக் கூடாதா?" என்று கெஞ்சினேன். உன்னிடம் நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

"அம்மா, இன்னிக்குப் பத்திரிகை வைக்க கார்த்திதான் எங்கூட வண்டில வாரான். அவன் பின்னாடி உக்காந்துக்கிட்டு, எதுவும் தெரிஞ்சுச்சா மச்சான்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

பிடித்த கையை விட்டுவிட்டேன். நீ போனாய். முதலில் கார்த்தியிடம் சொன்னாய், அப்புறம் உன் மாமாவிடம். வந்து, "சொல்லிட்டேம்மா" என்றாய். "மாமா என்ன சொன்னாரு?" "ஒண்ணும் சொல்லல. மெஷினும் போடல." அன்றிலிருந்து நான் என் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன், அவன் எடுக்கவில்லை. உன்னோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பைக்கூட வேண்டுமென்றே வைக்கவில்லை. நீ அதையும் கண்டுகொள்ளாத மாதிரி சாப்பிட்டாய்.

இன்றைக்குக் காலையில் நீ தையல்காரரிடம் சட்டை வாங்கப் போன பிறகு உன் மாமா வந்தான். எண்ணெய்க் கறை பிடித்த பட்டறைச் சட்டையோடு அப்படியே வந்து, வாசற்படியில் உட்கார்ந்தான். உள்ளே வாடா என்றேன். வரவில்லை. "அக்கா, எங்கூடப் படிச்ச முருகேசனத் தெரியும்ல?" என்றான். அந்த முருகேசன் மில் வேலை போனபிறகு இவனிடம் வந்து, லேத்தில் ஒரு வேலை போட்டுக் கொடு என்று கேட்டிருக்கிறான். அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது, மெஷினில் நிறுத்த முடியாது. ஆனால் சிநேகிதன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்றிருக்கிறான். அந்த ஆள் தினமும் சோத்துத் தூக்கோடு வந்து, பட்டறை ஓரமாக உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டு, அந்தச் சோற்றை அங்கேயே தின்றுவிட்டுப் போயிருக்கிறான். இவன் அவனைப் பார்க்கக் கூசி, பின்வாசல் வழியாகப் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறான். சொந்தப் பட்டறையில், பின்வாசல் வழியாக!

"மருமகன் வந்து ரெண்டாந் தடவையும் இல்லன்னு சொன்னான்லக்கா, அன்னிக்கு எங்கார்த்தி அழுவான்னு பாத்தேன். செத்த நேரம் மாடில உக்காந்திருந்தான். அப்புறம் எறங்கி வந்து, இந்தப் பரீட்சையத் தேறுனதே பெருசு, ஓசூர்ல ஒரு கம்பெனில கேக்குறாய்ங்க, போட்டுப் பாக்குறேம்பான்னு சொல்றான். அவன் பாட்டுக்கு அடுத்தத பாக்குறான். இந்தப் பக்கம் திரும்புனா முருகேசன் தூக்கோட உக்காந்திருக்கான். எனக்கு என்னமோ பண்ணிருச்சு. நேத்து அவன் கிட்டப் போயி உக்காந்து, முடியாதுடா முருகேசா, உன் கண்ணுக்கு இந்த வேலை ஆகாதுடான்னு சொல்லிட்டேன்."

"அவன் என்னடா சொன்னான்?"

உன் மாமா சட்டையின் கைப்பகுதியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா, செக்யூரிட்டி வேலைக்குக் கூப்புட்டாய்ங்க, உன்ன நம்பித்தான் வேணான்னு சொன்னேன்னான். அம்புட்டுத்தான்க்கா சொன்னான்." அப்புறம் கேட்டான்: "ஒருத்தனுக்குச் சொல்லவே எனக்கு நெஞ்சு வெலவெலத்துப் போச்சு. மருமகன் எத்தன பேருக்குக்கா சொல்றான்? இதே பொழப்பாவா இருக்கான்?"

இதே பிழைப்பாகத்தான் இருக்கிறான், வருஷக்கணக்காக இருக்கிறான் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது, ராசா, எனக்குக் காதுகுத்து விருந்தில் வந்த பெருமை மாதிரி இல்லை. அது வாயில் வந்த பெருமை. இது வயிற்றிலிருந்து வந்தது. நான் அழுதேன், அவனும் அழுதான். உன் அப்பா மாத்திரையோடு வந்து நின்றார்.

புத்திமதி எதுவும் சொல்லாமல் விட்டால் நான் உன் அம்மா இல்லை, ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளை மறுநாளிலிருந்து உன்னோடு ஒரு பிள்ளை வாழ வருகிறாள். கம்பெனியில் நாள் முழுக்கப் பேசி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து எங்களிடம் வாயை மூடிக்கொள்கிற மாதிரி அவளிடம் மூடிக்கொள்ளாதே. முடியும் என்றால் முடியும் என்று சொல், முடியாது என்றால் முடியாது என்று சொல், அவளை உன் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டு உட்கார வைக்காதே. சண்டை வரும். வந்தால், மாமா வீட்டுக்குப் போன மாதிரி மறுநாளும் அவள் பக்கத்தில் போய் உட்கார். அவள் மிக்ஸியைப் போட்டாலும் உட்கார்.

நம் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. இனிமேல் என்னிடம் யாரும் சிபாரிசு கேட்க வேண்டாம். விண்ணப்பம் போடுங்கள். கிடைக்காவிட்டால் என் மகனே கூப்பிட்டுச் சொல்வான், ஏன் கிடைக்கவில்லை என்றும் சொல்வான். அந்த மரியாதை எங்கள் வீட்டில் கிடைக்கும்.

கிளம்பும்போது உன் மாமா, "நான் வந்துட்டுப் போனத அவன்கிட்டச் சொல்லாதக்கா, மணவறைல பாத்து அவன் அசந்து போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சரிடா என்று நானும் தலையாட்டினேன். ஆனால் இத்தனை நாளும் உன்னோடு பேசாமல் இருந்தேனே தவிர, உன்னைப் பார்க்காமல் இல்லை. ஒரு வாரமாக நீ குளிக்கப் போகும்போது போனைக் கவரில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போகிறாய். தண்ணீர்ச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது.

உன் மாமா வருகிறான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. போனை வெளியே வைத்துவிட்டு, நல்லாத் தண்ணியைத் திறந்துவிட்டுக் குளி சாமி.

உன் அம்மா